உளநூல் தேர்வும் ஊக வினாக்களும்

(புதுக்கோட்டையில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கக் காரியதரிசியவர்கள் என்பால் வந்து, "இம்மாதக் கூட்டத்தில் தாங்கள் ஏதேனும் ஓர் இலக்கியப் பொருள்பற்றிப் பேசவேண்டும்" என்று கேட்டார்கள். யான் சிறிது தயங்கி, "இலக்கியம் அடுத்த மாதத்திற்கு இருக்கட்டும், இம்மாதம் பரீட்சையைப்பற்றிப் பேச இசைவளிக்க வேண்டும்" என்று வேண்டிக்கொண்டேன். அவர்கள் புன்னகை புரிந்து, "பரீட்சையைப்பற்றிப் பேசுவதற்குத் தங்களைவிடத் தக்கார் யார்? இருபதாண்டுக்கு அணித்தாகப் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்புகிறவர் ஆயிற்றே!" என்றார்கள். உண்மை அதுவன்று. பரீட்சைக்கு அனுப்புகிறவனாக அன்று, பரீட்சைக்குப் போகின்றவனாகவே இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

இது ஏன் என்பதை ஆசிரியரல்லாத பெரியோர்களும் அறியுமாறு சுருங்கக் கூறுகின்றேன். 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளிற் கற்பிப்போர் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியிருத்தல் வேண்டுமெனத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் விதித்தது. நம் மாநிலத்தில் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலை 12-ஆம் நாள் நடந்தது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதினர். தேறியவர் 2,448 பேரே. ஒன்றரை மணி நேரத்தில் 150 வினாக்களுக்கு விடை காணல் அரிது என்ற முறையீடு எழவே, அவ்வாண்டு அக்டோபரில் மூன்று மணி நேரம் தந்து மறுதேர்வு நடத்தினர்.

அப்பொழுதெல்லாம், முன்னரே பணியில் அமர்ந்துவிட்ட எம்போன்றோர், "இவ்வெள்ளம் நமக்கன்று" என்று கரையில் நின்று பார்த்திருந்தோம். 2025 செப்டம்பர் முதல் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு எம்மையும் ஆற்றில் இறக்கிவிட்டது. ஓய்வு பெறுதற்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர் இரண்டாண்டுகளுக்குள் இத்தேர்வில் தேறவேண்டும். தேறாதார் பணியினின்று நீங்கவேண்டும். ஐந்தாண்டுக்குட்பட்டோர் பணியில் தொடரலாம், எனினும் பதவி உயர்வு வேண்டின் தேறியே ஆகவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அதன்மேல் நிகழும் முறையீடுகள் ஒருபுறம் நிற்க. முறையீட்டை நம்பிப் புத்தகத்தை மூடிவைத்தல் அறிவுடைமையாகாது. யான் 2009-இல் பணியேற்றவன். ஓய்வுக்கு இன்னும் பல்லாண்டுகள் உள. ஆதலின் தேர்வுக்கு அமரவேண்டியவன். இவ்வவையிலும் என்போன்றோர் பலர் உளர் என்பதை அவர்கள் முகமே கூறுகின்றது.

ஐந்தாம் வகுப்புவரை கற்பிப்போர் முதல் தாளையும், ஆறு முதல் எட்டு வரை கற்பிப்போர் இரண்டாம் தாளையும் எழுதுவர். ஒவ்வொன்றிலும் 150 வினா. வினாவுக்கு ஒரு மதிப்பெண். குழுமத்தின் நெறிமுறைப்படி நூற்றுக்கு அறுபது பெறுவோர் தேறியவராவர். இட ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்குத் தளர்வு தரும் உரிமை மாநில அரசுக்கு உண்டு. அந்த 150-இல் 30 வினாக்கள், இரு தாள்களிலும், குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் என்ற உளநூற் பகுதிக்கு உரியவை. தமிழாசிரியன், கணித ஆசிரியன் என்ற வேறுபாடின்றி யாவரும் கடக்கவேண்டிய வாயில் இது. தமிழ் வினாக்களில் யான் அஞ்சவேண்டியது சிறிதே. என்னை அச்சுறுத்துவது இந்த முப்பதுதான். அச்சத்திற்குக் காரணம் பழைய காயமொன்று. அதனை மறைக்காமற் கூறிவிடுகின்றேன்.

யான் தமிழ்ப் பண்டிதப் பயிற்சி பெற்ற ஆண்டில் கல்வி உளநூல் என்று ஒரு தாள் இருந்தது. இலக்கணத்தில் ஊறிய எங்களுக்கு அது வேற்று நாட்டுச் சரக்காகத் தோன்றியமையால், ஆண்டு முழுவதும் அப்புத்தகத்தைத் திறந்தோமில்லை. பரீட்சைக்கு மூன்று நாள் முன்னர், "கட்டாயம் வரும் பத்து வினாக்கள்" என்று ஒரு தாள் விடுதியில் கைமாறி வந்தது. அதனை யார் எழுதினார், எங்ஙனம் அறிந்தார் என்று ஒருவரும் கேட்டிலோம். விளக்கை அணையாமல் இரண்டு இரவு கண்விழித்து அப்பத்துக்கும் விடைகளை உருப்போட்டோம். தேர்வு மண்டபத்தில் வினாத்தாளை விரித்தபோது அப்பத்தில் இரண்டே இருந்தன. அவ்விரண்டும் வந்த மகிழ்ச்சியில் எழுதத் தொடங்கினேன். பாதியில் ஒன்றன் விடை மற்றொன்றனோடு கலந்து, பாவ்லவின் நாய் தார்ண்டைக்கின் கூண்டிற் புகுந்துவிட்டது! அத்தாளில் தவறினேன். வீட்டில் மூத்த பிள்ளையான என்னை நம்பித் தங்கையின் திருமணப் பேச்சை நிறுத்திவைத்திருந்த என் தந்தையார், அச்செய்தி கேட்டு ஒரு சொல்லும் கூறாது, துண்டை உதறித் தோளிலிட்டுக்கொண்டு வயலுக்குச் சென்றார். அவர் ஏசியிருந்தால் மறந்திருப்பேன். அவர் சென்ற அந்த நடையை யான் இன்னும் மறந்திலேன். மறுமுறை எழுதித் தேறினேன்.

இன்றும் அதே தாள் வேறு உருவில் வருகின்றது. கைப்பேசியில் ஒருவர்க்கொருவர் அனுப்பிக்கொள்ளும் "எதிர்பார்க்கப்படும் நூறு வினாக்கள்" என்னும் பட்டியல்களைக் காணாதார் இங்கு யாருமிரார். ஊகம் முற்றும் பயனற்றதென்று யான் கூறவரவில்லை. எதனை ஊகிப்பது என்பதில்தான் நாம் பிழை செய்கின்றோம். வினாவை ஊகிக்கவேண்டா, நம் மயக்கத்தை ஊகியுங்கள். இன்றைய பேச்சின் கருத்து முழுவதும் இவ்வளவே. இதனை விரித்துரைக்கின்றேன்.

பழைய கட்டுரைத் தேர்வில் பத்து வினாவுள் ஐந்துக்கு விடையெழுதினால் போதும். அங்கே ஊகம் ஓரளவு செல்லும். இத்தேர்விலோ முப்பது சிறு வினாக்கள் பாடத்திட்டம் முழுவதும் விதைபோல் தூவப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் தரப்படும். ஒன்று மெய், மூன்று பொய். அம்மூன்று பொய்களையும் வினா இயற்றுவோர் எங்கிருந்து எடுக்கின்றார்? வானத்திலிருந்து அன்று. படித்தவன் எவ்வெவற்றை ஒன்றோடொன்று மாற்றிக்கொள்வானோ அவற்றினின்றே எடுக்கின்றார். ஆகவே, நாம் எங்கே மயங்குவோம் என்பதை நாமே முன்னர் அறிந்துகொண்டால், வினாத்தாளின் பாதியை முன்னர் அறிந்தவராவோம். இதற்கு ஒருவரையும் நாடிச் செல்ல வேண்டுவதில்லை. காசு கொடுக்கவும் வேண்டுவதில்லை.

சான்றாகச் சிலவற்றைக் காட்டுகின்றேன். எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும் ஒன்றெனப் பலர் கருதுவர். "எதிர்மறை" என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகின்றது. வகுப்பில் நன்கு பயின்ற மாணவனுக்கு அன்றைய வீட்டுப்பாடத்தை நீக்கிவிட்டால், அவன் விரும்பாத ஒன்று அகன்றமையால் நன்கு பயிலும் செயல் அவனிடம் வளரும்; அஃது எதிர்மறை வலுவூட்டல். கூச்சலிட்டவனுக்கு விளையாட்டு நேரத்தைக் குறைத்தால், கூச்சலிடும் செயல் தணியும், அது தண்டனை. வலுவூட்டல் எவ்வகையாயினும் செயலை வளர்க்கும். தண்டனை செயலைக் குறைக்கும். இவ்வொரு வரியை நெஞ்சிற் பதித்தால் இவ்வினாவை எத்தனை வேடத்தில் அனுப்பினும் கண்டுகொள்ளலாம்.

மற்றொன்று, பியாஜே கூறிய தன்வயப்படுத்தலும் பொருத்திக்கொள்ளலும். வீட்டில் பசுவை மட்டும் கண்ட குழந்தை எருமையைக் கண்டு "பசு" என்று கூறுமாயின், புதியதைப் பழைய எண்ணத்துக்குள் அடக்கிக்கொள்கின்றது, இது தன்வயப்படுத்தல். "இது பசு அன்று, எருமை" என்று தெளிந்து தன் எண்ணத்தையே மாற்றி இரண்டறை செய்துகொள்ளுமாயின், அது பொருத்திக்கொள்ளல். அவரே வகுத்த நான்கு நிலைகளின் வயதெல்லைகளும் மயக்கம் தருவன: பிறப்பு முதல் 2 வரை புலனியக்க நிலை, 2 முதல் 7 வரை செயலுக்கு முந்திய நிலை, 7 முதல் 11 வரை புலனீடான செயல்நிலை, 11-க்கு மேல் முறையான செயல்நிலை. செம்பிலுள்ள நீரை அகன்ற தட்டில் ஊற்றினால், "நீர் குறைந்துவிட்டது" என்று கூறும் குழந்தை இரண்டாம் நிலையிலும், "அதே நீர்தான்" என்று கூறும் குழந்தை மூன்றாம் நிலையிலும் நிற்கின்றது. இதை எண்களாக மனப்பாடம் செய்வதினும், நம் வீட்டுப் பிள்ளைகள் இருவரை அருகில் வைத்து ஒருமுறை நீரை ஊற்றிப் பார்த்தால், அக்காட்சி என்றும் அகலாது.

விலங்குகள்பற்றிய மயக்கம் யான் சொந்தமாகப் பட்டது. ஆதலின் அதற்கு ஒரு வழி செய்துகொண்டேன். எலி, குரங்கு, நாய், பூனை எனப் பெயர்களை அகரவரிசையில் நிறுத்தினேன். எலியைக் கூண்டிலிட்டு நெம்புகோலை அழுத்தச் செய்தவர் ஸ்கின்னர். டெனரீஃப் தீவில் மனிதக்குரங்கிடம் உட்காட்சி வழிக் கற்றலைக் கண்டவர் கோலர். குரங்கும் கோலரும் ஒரே வருக்கம். நாய்க்கு மணியோசை கேட்கச் செய்து உமிழ்நீர் கண்டவர் பாவ்லவ். 1904-இல் அவர் பெற்ற நோபல் பரிசு செரிமான ஆராய்ச்சிக்குரியது, உளநூலுக்கன்று என்பதையும் நினைவிற் கொள்க. பூனையைப் புதிர்ப்பெட்டியில் அடைத்து முயன்று தவறிக் கற்றலை விளக்கியவர் தார்ண்டைக். விடுதியில் வழிதவறிய என் நாயும் பூனையும் இப்பொழுது தத்தம் வீட்டில் அடங்கியுள்ளன.

இவ்வகை நினைவுக் கட்டுகள் நம்மவர்க்குப் புதியன அல்ல. ஆத்திசூடியை அகரவரிசையில் அமைத்ததும், ஒரு செய்யுளின் ஈற்றை அடுத்த செய்யுளின் முதலாக்கி அந்தாதி தொடுத்ததும், கற்பவன் இழையைத் தவறவிடாமைப் பொருட்டே பயன்பட்டன. நம் மாவட்டத்துக் குடுமியான்மலைக்குச் செல்லுங்கள். அங்கே குன்றிற் செதுக்கிய இசைக் கல்வெட்டு, ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படுவது, மாணாக்கர் நலங்கருதிப் பொறித்ததென்று தானே கூறுகின்றது. அதில் சுரங்கள் நந்நான்காகக் கூட்டி வைக்கப்பட்டுள்ளன. மனித நெஞ்சம் ஒரே காலத்தில் ஏழு பொருள்களுக்குச் சிறிது கூடவோ குறையவோ மட்டுமே தாங்கும், சிறு கூட்டங்களாகச் சேர்த்தால் மிகுதியாகத் தாங்கும் என்று ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க அறிஞர் 1956-இல் எழுதினார். நம் பாறையில் உளிகொண்டு எழுதியவர் அதனைக் கையறிவால் அறிந்திருந்தார் போலும்.

இனி, கடைசி நேரப் படிப்பைப்பற்றிக் கூறுவேன். கண்விழித்துப் படித்தது ஏன் நிற்பதில்லை என்பதற்கு, நாம் பரீட்சைக்குப் படிக்கும் உளநூலே விடை தருகின்றது. எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தம்மையே மாணாக்கராக்கிக்கொண்டு, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, மறந்தபின் மீண்டும் கற்று, இரண்டாம் முறை எவ்வளவு உழைப்பு மிச்சமாயிற்று என்று அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். 20 நிமிடம் கழிந்தபின் மிச்சம் நூற்றுக்கு 58. ஒரு மணி கழிந்தபின் 44. ஒரு நாள் கழிந்தபின் 34. ஒரு திங்கள் கழிந்தபின் 21. இதனைக் கண்டு மனந்தளர வேண்டா. மறதி முதல் நாளிற் பாய்ந்து இறங்கிப் பின்னர் மெல்ல நடக்கின்றது என்பதே இதன் பொருள். முதல் நாள் படித்ததை மறுநாள் ஒருமுறை தொட்டுவிட்டால் அதன் வேகம் அடங்கும். அவர் கண்ட மற்றொன்று இன்னும் சிறந்தது. ஓர் அசைத் தொடரை ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாட்களிற் பங்கிட்டு 38 முறை ஓதியே பெற்றார். நாற்று நட்டவன் பருவத்து நீர் முழுவதையும் ஒரே நாளில் வயலில் தேக்குவதில்லை; முறைவைத்துப் பாய்ச்சுகின்றான். உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதனை யான் விளக்க வேண்டுமோ?

படிக்கும் முறையும் கருதத் தக்கது. நம்மிற் பெரும்பாலோர் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கோடிட்டு, "தெரிந்துவிட்டது" என்று மகிழ்கின்றோம். பக்கம் பழகிவிட்டது; பொருள் நெஞ்சில் ஏறவில்லை. ரோடிகர், கார்ப்பிக் என்ற அறிஞர் இருவர் 2006-இல் அமெரிக்க மாணவரைக்கொண்டு ஓர் ஆராய்ச்சி செய்தனர். ஒரு சாரார் உரைநடைப் பகுதியை இருமுறை படித்தனர். மற்றொரு சாரார் ஒருமுறை படித்து, மூடிவைத்து, நினைவிலுள்ளதை எழுதினர். ஐந்து நிமிடத்திற் சோதித்தபோது இருமுறை படித்தவரே முன்னின்றனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, படித்து எழுதிப் பார்த்தவர் நூற்றுக்கு 56-ம், இருமுறை படித்தவர் 42-ம் நினைவுகூர்ந்தனர். கடைசி நேரத்தில் மறுபடியும் பார்ப்பது ஏன் இனிக்கின்றது, பின்னர் ஏன் கைவிடுகின்றது என்பது இதனால் விளங்கும்.

இதனை அமெரிக்கர் சொல்லித்தான் அறியவேண்டும் என்பதில்லை. பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் பாடங்கேட்டலின் வரலாறு கூறுமிடத்து, ஆசான் உரைத்ததைச் செவ்வையாகக் கொண்டவனுக்கும் கைவருவது காற்பங்கே என்றும், உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் வகுத்துள்ளார். கேட்டவற்றை நினைத்தலும், வினாவுதலும், வினாயவற்றுக்கு விடை கூறுதலும் அவர் மாணாக்கர்க்கு விதித்த கடமைகள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய அவ்விதியை மாணவர்க்கு ஆண்டுதோறும் நடத்திய யான், எனக்கென்று வரும்போது மறந்துவிட்டேன்.

எனக்கு அதனை நினைவூட்டியவள் என் மகள். அவள் எட்டாம் வகுப்பிற் பயில்கின்றாள். ஒரு நாள் இரவு யான் நூலை மூன்றாம் முறை புரட்டிக்கொண்டிருக்கையில் அருகில் வந்து, "அப்பா, புத்தகத்தை என்னிடம் கொடுங்கள், நான் கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள்" என்றாள். பழைய வினாத்தாளின் முப்பது வினாக்களையும், விடைகளை மறைத்துக்கொண்டு, கேட்டாள். பதினொன்றுக்கே சரியான விடை கூறினேன். அவள் சிரிக்கவில்லை. "பரவாயில்லை அப்பா, நாளைக்குத் தப்பானதை மட்டும் மறுபடியும் கேட்கிறேன்" என்றாள். யான் வகுப்பில் தவறு செய்த பிள்ளையிடம் இவ்வளவு மெல்லப் பேசியதுண்டோ என்று அன்றிரவு நெடுநேரம் எண்ணிக்கிடந்தேன். பத்து நாள் கழித்து அதே முப்பதிற் இருபத்துநான்கு வந்தது. அதனினும் மேலாக, கேட்டவுடன் விடை வராமல் விழிக்கும் பிள்ளையின் நெஞ்சில் நிகழ்வது இன்னதென்று முதன்முறையாக அறிந்தேன். உளநூல் கற்பிப்பதெல்லாம் இதுதானே?

நிற்க. தேர்வுக்கு முந்திய ஏழு நாட்களை எவ்வாறு செலவிடலாம் என்பதை யான் கடைப்பிடிக்கும் முறையாகவே கூறுகின்றேன், ஏற்புடையதைக் கொள்க.

முதல் மூன்று நாட்களில் புதிய நூல் எதையும் தொடவேண்டா. வளர்ச்சிப் பருவங்கள், கற்றற் கொள்கைகள், நினைவும் மறதியும், நுண்ணறிவு, ஊக்கம், ஆளுமை, தனியாள் வேற்றுமை, சிறப்புத் தேவையுடைய குழந்தைகள் என ஒவ்வொரு தலைப்பையும் வெற்றுத்தாளின் மேலெழுதி, நினைவிலுள்ளதை எல்லாம் கீழே எழுதுக. பின்னரே நூலைத் திறந்து விடுபட்டதைச் சிவப்பு மையிற் சேர்க்க. சிவப்பு எங்கு மிகுதியோ அங்கே உழைப்புத் தேவை. மத்திய அரசின் தகுதித் தேர்வில் இப்பகுதியின் 30 வினாக்களை, குழந்தை வளர்ச்சிக்கு 15, சிறப்புத் தேவையுடைய குழந்தைகளை உள்ளடக்கிய கல்விக்கு 5, கற்றல் கற்பித்தலுக்கு 10 என்று வகுத்திருக்கின்றனர். எத்தலைப்பு எவ்வளவு கனமுடையதென்று மதிப்பிட இது நல்ல துலாக்கோல். பாடத்திட்டத்தையும் இத்தகைய பகுப்பையும் நோக்கி ஊகிப்பதே நேர்மையான ஊகம்.

நான்காம் ஐந்தாம் நாட்களிற் பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதுக. 150 வினாவுக்கு 180 நிமிடம். ஆகவே உளநூலின் முப்பதுக்கு 36 நிமிடத்துக்குமேல் செல்லலாகாது. தவறிய வினாவைப் பார்த்து வருந்துவதோடு நில்லாது, "எதனை எதுவென்று மயங்கினேன்?" என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுக. யான் அதற்கு மயக்கக் குறிப்பேடு என்று பெயரிட்டுள்ளேன். ஆறாம் நாள் அக்குறிப்பேடு ஒன்றையே படிக்க. மற்றவர்க்கு அச்சிட்ட ஊகப் பட்டியல் அதனினும் உங்களை அறியாது.

ஏழாம் நாள் மாலையோடு நூலை மூடிவிட்டு உறங்குக. ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் 1924-இல் செய்த ஆராய்ச்சியில், கற்றபின் விழித்திருந்தவரினும் உறங்கியவர் குறைவாகவே மறந்தனர். என் விடுதி நாட்களில் அணையாத விளக்கு எனக்கு வெளிச்சம் தரவில்லை. உறக்கத்தையும் அதனோடு நினைவையும் கொண்டுபோயிற்று. மண்டபத்தில் ஒரு வினாவையும் விடாதீர்கள். இத்தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிவதில்லை. கண்ணை மூடிக் குறித்தாலும் நான்கில் ஒன்று பலிக்க இடமுண்டு. பொருந்தாத இரண்டை நீக்கிவிட்டால் இரண்டில் ஒன்று. குழந்தையை அச்சுறுத்தும், அவமதிக்கும், ஒதுக்கிவைக்கும் விடை சரியானதாயிருத்தல் அரிது. நெஞ்சம் சிறிது பதைப்பது தீங்கன்று. யெர்க்ஸ், டாட்சன் என்போர் 1908-இலேயே, அளவான தூண்டுதல் வேலைக்குத் துணையென்றும் மிகையானது கேடென்றும் கண்டனர்.

இதுகாறும் தேர்வெழுதுவோர்க்குக் கூறினேன். இனி அவர் வீட்டார்க்கும் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். இத்தேர்வை எதிர்நோக்கியுள்ள ஆசிரியைகள் காலையில் உலை வைத்து, பிள்ளைகளை அனுப்பி, பேருந்தேறிப் பள்ளி சென்று, மாலையில் மீண்டு அடுப்பை மூட்டுகின்றவர்கள். அவர்க்குப் புத்தகம் கையில் ஏறுவது இரவு பத்து மணிக்கு. தேர்வுக்கு முந்திய ஒரு திங்களேனும் அவ்வடுப்பின் பொறுப்பை ஆடவர் ஏற்பது நன்று. நம் பக்கத்தில் திருமணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, ஆடியில் மொய்விருந்து என்று அழைப்புகளுக்குக் குறைவில்லை. செல்லாவிட்டால் உறவு கோணும். சென்றால் ஒரு நாட் படிப்புப் போகும். "பரீட்சை இருக்கிறது, மொய்யை மட்டும் அனுப்பிவிட்டேன்" என்று ஒரு சகோதரி கூறினால், "படித்துத் தேறி வா, அம்மா" என்று பெரியோர்கள் வாழ்த்தி விடுக. சங்கக் கட்டிடத்தில் மாலை ஆறு முதல் எட்டு வரை ஓர் அறையைத் திறந்து வைத்தால், நால்வர் ஐவராகக் கூடி ஒருவரையொருவர் வினவலாம். பயிற்சி நிலையத்துக்குப் பெருந்தொகை தர இயலாத இளைஞர்க்கும் அது புகலாகும். பவணந்தியார் கூறிய அரைப்பங்கு அவ்வறையிற் கிடைக்கும்.

ஈற்றாக ஒன்று. நாற்பதும் ஐம்பதும் கடந்தபின் மாணவர்போல் அமர்ந்து தேர்வெழுதுவது நாணத்தக்கதென்று சிலர் உள்ளூரக் குமைகின்றனர். நீண்ட நாள் உழைத்தவரை மறுபடியும் சோதிப்பது முறையா என்ற கேள்வி நியாயமானதே. அதனைக் கேட்கவேண்டிய இடத்திற் கேட்போம். நாணத்திற்கு மட்டும் இடமில்லை. 1991-ஆம் ஆண்டில், ஷீலா ராணி சுங்கத் அவர்கள் மாவட்ட ஆட்சியராயிருந்த காலத்தில், நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பரவியது. கல்லுடைத்த பெண்களும் களையெடுத்த பெண்களும் எழுத்தறிந்தனர்; மிதிவண்டி ஏறக் கற்றுச் சாலையிற் கூட்டமாகச் சென்றனர்; நாடே திரும்பிப் பார்த்தது. யான் அப்பொழுது பள்ளிச் சிறுவன். பகலெல்லாம் வயலில் நின்ற என் அப்பத்தா இரவில் விளக்கின்முன் அமர்ந்து, என் பலகையையும் குச்சியையும் வாங்கித் தம் பெயரை எழுதிப் பார்ப்பார். எழுத்துக் கோணினால் அழித்துவிட்டு, "இன்னொரு தரம் சொல்லுடா, ஐயா" என்பார். அறுபது வயதில் பேரனிடம் பாடங்கேட்க அவர் நாணவில்லை.

அப்பத்தா எந்த எழுத்து வரும் என்று ஊகித்துக் கற்றாரில்லை. தாம் எந்த எழுத்தில் தவறுகின்றோம் என்பதை அறிந்து கற்றார். நாமும் அவ்வண்ணமே கற்போம். தேறியபின் நாம் நிற்கப்போவது மீண்டும் அதே வகுப்பில். நம்முன் இருக்கப்போவது அதே பிள்ளைகள். மறதி இன்னதென்றும் அச்சம் இன்னதென்றும் தம் மெய்யிலறிந்த ஆசிரியர் அவர்களுக்குக் கிடைப்பாராயின், இத்தேர்வால் விளைந்த நன்மை அதுவாக இருக்கட்டும்.